தமிழில் வந்த பதில்

'மாறிக்கொண்டிருக்கும் நாடுகள்' என்று யாராவது என் காதுபடச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நான் நான்கு வருஷம் வேலை செய்த திட்டத்தின் தலைப்பிலேயே அது இருந்தது. மாறிக்கொண்டிருக்கும் நாடுகளில் ஜனநாயகச் சீர்திருத்தத்துக்கும் சிறுபான்மையினர் உரிமைகளுக்குமான ஆதரவு. இதைத் தமிழில் இப்படி எழுதிக் கொடுத்தவள் நான்தான். பேனரில் அடங்காமல் அச்சகத்துக்காரர் கடைசி இரண்டு சொல்லைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டார். உரிமையும் ஆதரவும் பக்கத்தில் போய் நின்றால்தான் தெரியும்.

கொழும்பில் ஜனங்கள் தெருவில் இறங்கி, ஆட்சி கவிழ்ந்து, நாடு மாறப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். எங்கேயோ குளிர்தேசத்தில் இருக்கும் ஓர் அலுவலகம் அந்த மாற்றத்துக்குப் பணத்தோடு கைகொடுக்க முன்வந்தது. கொழும்பில் இருந்த ஓர் அமைப்பு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. சப்ரகமுவத் தேயிலைத் தோட்டங்களில் மேடு பள்ளம் ஏறி இறங்குவதற்கு என்னைப் பிடித்தார்கள். யார் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. எந்த டவுன் என்றும் சொல்ல மாட்டேன். பலாங்கொடைப் பக்கம் என்றோ கொடகவெலைப் பக்கம் என்றோ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள்.

நுவரெலியாக்காரர்களுக்கு எங்கள் பக்கம் பிடிபடாது. அங்கே திரும்பின பக்கமெல்லாம் தமிழ் கேட்கும், அரசாங்கக் கந்தோரிலும் ஒன்றிரண்டு தமிழ் முகம் இருக்கும். எங்கள் தோட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் சிங்களக் கிராமம். கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் சிங்களம் பேசாவிட்டால் ஒரு பனடோல் மாத்திரை வாங்க முடியாது. என் அக்கா சிங்களத்தில் சண்டை போட ஆரம்பித்தால் சிங்களவர்களே ஒதுங்கி நிற்பார்கள். ஆனால் அந்தப் பாஷையில் ஒரு வரி வாசிக்கவோ எழுதவோ அவளுக்குத் தெரியாது. தமிழும் எட்டாம் வகுப்போடு சரி. அவள் கொழுந்துக் கூடையை மாட்டியதால்தான் நான் பதின்மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான்தான் அடிக்கடி மறந்துபோவேன்.

எழுதத் தெரியாதவர்களுக்கு எங்கள் டவுனில் ஒரு வழி இருந்தது. பிரதேச செயலகத்துக்கு எதிரே, போட்டோ காப்பிக் கடைக்குப் பக்கத்தில், ஒரு நானா மேசை போட்டிருந்தார். மூன்று தலைமுறையாக டவுனில் இருக்கும் முஸ்லிம் குடும்பம். தோட்டத்து ஆட்கள் போய் நடந்ததைத் தமிழில் சொல்வார்கள். அவர் கேட்டுக்கொண்டே சிங்களத்தில் மனுவை டைப் அடிப்பார். அடித்து முடித்ததும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுவார். கூட ஒரு வரி போட்டிருந்தால் அதையும் சொல்வார். பிறகு எந்தக் கிழமை போக வேண்டும், எந்த மேசையில் கொடுக்க வேண்டும், அந்த மேசைக்காரர் எத்தனை மணிக்குத் தேத்தண்ணிக்கு எழும்புவார் என்பது வரைக்கும் சொல்லி அனுப்புவார். புதன்கிழமைதான் மக்கள் தினம், அன்றைக்கு எல்லா மேசையிலும் ஆள் இருக்கும். முக்கியமாக ஒரு பிரதியில் மேசைக்காரரின் கையெழுத்தும் திகதியும் வாங்காமல் திரும்பி வரக்கூடாது. வாங்காமல் வந்தவர்களை அவர் திட்டித் திருப்பி அனுப்புவதை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் திட்டம் இந்த மனுஷரை ஒரு பெட்டிக்குள் போட்டது. இரத்தினபுரியில் நடந்த பயிற்சியில் சுவரில் பெரிய தாளை ஒட்டி, மக்களுக்கும் அரசுக்கும் நடுவில் இருக்கும் தடைகளை எழுதச் சொன்னார்கள். மொழி, தூரம், பயம் என்று வரிசையாக எழுதினோம். கடைசிப் பெட்டியில் 'இடைத்தரகர்' என்று எழுதியவள் நான். எழுதும்போது நானாவின் முகம்தான் என் கண்ணில் நின்றது. கொழும்பிலிருந்து வந்த இணைப்பாளர் மேடம் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டிக்காரி, நேர்மையானவர், ஒரு நாள் சோம்பி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தோட்டத்துப் பெண்கள் முன்னால் நின்று, "சிங்களத்தில எழுதிக் குடுக்கிற ஒவ்வொரு தரமும் உங்கட உரிமையை நீங்களே விட்டுக்குடுக்கிறியள்" என்று அவர் பேசும்போது, அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருத்தி பேச்சு முடிந்ததும் என்னிடம் வந்து, இந்த அம்மா எந்த நாடு என்று கேட்டாள். நான் சிரித்தேன். மேடத்திடம் சொல்லவில்லை.

தமிழில் எழுதிக் கேட்கவும் தமிழிலேயே பதில் வாங்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது பொய்யில்லை. அதை நாங்கள் கையேடாக அச்சடித்தோம், கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா வாசலில் நாடகமாகப் போட்டோம், கோயில் ஒலிபெருக்கியில்கூடச் சொன்னோம். எனக்கே அதில் ஒரு வெறி வந்துவிட்டது. டவுனில் வாடகைக்கு ஓர் அறை, கழுத்தில் அடையாள அட்டை, ஏறிப்போக வேன். தோட்டத்துக்குள் போனால் வேலை வாங்கும் பெரிய கங்காணிகூட என்னை 'மிஸ்' என்றார். என் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது என்று நினைக்க இதைவிட வேறென்ன வேண்டும்.

அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. அக்கா இருந்த மேல் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்தது. முதலில் கை நுழையும் அளவு இருந்த வெடிப்பு ஒரு கிழமையில் கால் நுழையும் அளவானது. அதிகாரிகள் வந்து அளந்து, சுவரில் சிவப்புப் பெயின்டால் குறி போட்டு, மழைக்கு இங்கே படுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே படுப்பது என்று சொல்லவில்லை. மழை பெய்யும் போதெல்லாம் மேல் லயத்துப் பன்னிரண்டு குடும்பமும் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு இறங்கும், மழை விட்டதும் ஏறும். அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவளுக்கு இழுப்பு நோய். மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் படுத்தால் மறுநாள் மூச்சுவிட முடியாமல் தவிப்பாள்.

பிறகு ஒரு நல்ல செய்தி வந்தது. ரோட்டுக்குக் கீழே கிடந்த பழைய ரப்பர் காட்டில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் பிரித்து, வீடு கட்டக் கொடுக்கப் போகிறார்களாம். ஆபத்தில் இருக்கும் குடும்பங்கள் குறித்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நிலம் கொஞ்சம்தான், எல்லோருக்கும் போதாது.

அக்கா அன்றைக்கே அரை நாள் சம்பளப் பெயரை விட்டுவிட்டு நானாவிடம் போய் மனு எழுதி வாங்கி வந்துவிட்டாள். மாலையில் நான் போனபோது அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். அடுத்த புதன்கிழமை கொடுக்கப் போவதாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் நான் வாய் கிழியப் பேசிக்கொண்டு திரிய, என் சொந்த அக்கா இடைத்தரகரிடம் போய் நின்றிருக்கிறாள்.

"நாங்க தமிழ்ல போரம் அடிச்சு வச்சிருக்கோம்க்கா. எல்லாருக்கும் நானே நிரப்பித் தாரேன். ஏன் அடுத்தவங்க பாஷையில கும்புட்டுக் கேக்கணும்? சட்டத்துல நமக்கு எடம் இருக்கு."

"எனக்குச் சட்டம் வேணாம்டீ. வீடு வேணும்."

"ரெண்டும் நம்மளுதுதான். ரெண்டையும் கேளு."

அவள் சுவரைப் பார்த்தாள். சிவப்புக் குறி உள்பக்கமும் கசிந்து தெரிந்தது. ஜாக்கெட்டுக்குள் இருந்து மனுவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீ படிச்ச புள்ள. ஒனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுது."

அக்கா ஒத்துக்கொண்டதும் மேல் லயம் முழுக்க ஒத்துக்கொண்டது. அவள் பேச்சுக்கு அங்கே அவ்வளவு மரியாதை. பன்னிரண்டு விண்ணப்பத்தையும் நான் இரண்டு நாள் உட்கார்ந்து நிரப்பினேன். நல்ல தமிழ். 'நிலச்சரிவு அபாயத்துக்கு உட்பட்ட குடியிருப்பு' என்று எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது. நானா அடித்த மனுவை என் கைப்பையின் உள் அறையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

கொடுக்கும் நாளைத் திட்டத்தார் குறித்தார்கள். புதன்கிழமை இல்லை, வெள்ளிக்கிழமை. குளிர்தேசத்து அலுவலகத்திலிருந்து வந்த அம்மையாருக்கு அன்றைக்குத்தான் வசதி. தோட்டத்து ஆட்கள் அவரைத் துரைசானி என்றே கூப்பிட்டார்கள். மேடத்துக்கு அந்தச் சொல் சங்கடமாக இருந்தது. அப்படிச் சொல்ல வேண்டாம் என்று இரண்டு தரம் திருத்திப் பார்த்தார். தோட்டத்தில் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு வேறு சொல் கிடையாது என்று நான் சொன்னேன்.

பன்னிரண்டு பேரும் கோயிலுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வந்தார்கள். செயலக வாசலில் படம் எடுத்தார்கள். உதவிச் செயலாளர் வெளியே வந்து, துரைசானிக்கு முன்னால் விண்ணப்பக் கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நல்லிணக்கத்தைப் பற்றிச் சிங்களத்தில் பேசினார். நான் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற்றினேன். எல்லோருக்கும் கேக்கும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். எதிரே நானா தன் மேசையில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பவில்லை. அன்றைக்கு ஒரு பிரதியிலும் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. படம்தான் இருக்கிறதே என்று நினைத்தோம்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துச் செயலகத்துப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். கீழ் லயத்து ஆட்கள் பத்துப் பேர் பெயர் இருந்தது. கீழ் லயத்துச் சுவரில் ஒரு நூல் அளவுகூட வெடிப்பு இல்லை. அவர்கள் நாங்கள் நடத்திய கூட்டம் எதற்கும் வராதவர்கள். வேலை முடிந்து அலுப்பில் கிடந்துவிட்டு, புதன்கிழமை நானாவின் மனுவோடு போய்க் கையெழுத்து வாங்கி வந்தவர்கள். மேல் லயத்திலிருந்து ஒரு பெயர்கூட இல்லை.

நான் படியேறி உள்ளே போனேன். காணிப் பிரிவில் என் வயதில் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவள் எழுந்து பின்னால் இருந்த அலமாரியைத் திறந்து எங்கள் கட்டைக் காட்டினாள். நாங்கள் கட்டிக் கொடுத்த அதே சிவப்பு நாடா. இங்கே தமிழ் வாசிக்க ஒருத்தரும் இல்லை நங்கி, மொழிபெயர்ப்பாளர் இடம் காலியாகவே கிடக்கிறது, இரத்தினபுரிக்கு அனுப்பி மாற்றி வாங்கினோம், வந்து சேர்ந்தது போன கிழமைதான் என்று சிங்களத்தில் சொன்னாள். கடைசி நாள் போய் ஆறு கிழமை ஆகியிருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றும் என் விண்ணப்பத்தோடு ஊசி குத்தி அழகாக இருந்தது. என்னைத் தங்கை என்று கூப்பிட்ட அவள்மேல் கோபப்பட முடியாமல் போனதுதான் எனக்கு இன்னும் கோபம்.

வெளியே வந்து நேரே நானாவின் மேசைக்குப் போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டார். "புள்ள, சட்டத்தில இரிக்கி. நான் இல்லண்டு சொல்லல்ல. அத வாசிக்கிறதுக்கு அந்தக் கந்தோர்ல ஆள் இரிக்காண்டு ஒரு வார்த்த என்னட்டக் கேட்டீந்தா சொல்லீப்பேனே" என்றார். முப்பது வருஷமாக அந்தக் கட்டிடத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர். அவரைத்தான் நான் தடை என்று சுவரில் எழுதி ஒட்டினேன்.

மேடத்துக்கு அன்றைக்கே போன் எடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் உண்மையாகவே கொதித்துப் போனார். உடனே மேலிடத்துக்கு எழுதினார், முறைப்பாடு போட்டார், கொழும்பில் இரண்டு கூட்டத்தில் பேசினார். இது அருமையான உதாரணம், இதை வைத்து நாட்டு மட்டத்தில் பேசலாம் என்றார். உதாரணம் என்று அவர் சொன்னபோது என் அக்காவின் சின்ன மகள் மண்டபத்துத் தரையில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். அதை நான் அவரிடம் சொன்னேன். பிறகு, போராட்டம் எண்டால் காலம் எடுக்கும் என்றார். யாருடைய காலம் என்று கேட்க என் நாக்கு துடித்தது. சம்பளம் வாங்குகிற நாக்கு, அடங்கிவிட்டது.

முறைப்பாட்டுக்குப் பலன் கிடைத்தது. எங்கிருந்தோ ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கிழமைக்கு ஒரு நாள் அனுப்பினார்கள். பன்னிரண்டு பேருக்கும் செயலக முத்திரையோடு தனித்தனியாகத் தமிழில் கடிதம் வந்தது. பிழையே இல்லாத கடிதம். தங்களது விண்ணப்பம் குறித்த காலத்துக்குள் பரிசீலனைக்கு எடுக்கப்படாமையினாலும், ஒதுக்கப்பட்ட காணி பூர்த்தியாகியுள்ளமையினாலும், இம்முறை சாத்தியமில்லை என்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறோம். அந்தச் செயலகத்திலிருந்து தோட்டத்துக்குத் தமிழில் வந்த முதல் பதில் அது என்று மேடம் சொன்னார். திட்டத்தின் ஆண்டறிக்கையில் அக்காவுக்கு வந்த கடிதத்தைப் படம் பிடித்துப் போட்டார்கள். விலாசத்தை மட்டும் மறைத்திருந்தார்கள். லயத்துக்கு ஏது விலாசம். தோட்டத்தின் பெயர்தான் எல்லோருக்கும் விலாசம்.

திட்டம் முடியும் கூட்டம் இரத்தினபுரியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. பயனடைந்த பெண் ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்றார்கள். அக்காவைக் கூட்டி வரச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த திட்டத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் எப்படிப்பட்டவள் என்பது உங்களுக்கும் தெரியட்டும்.

அக்கா மேடையில் ஏறினாள். துரைசானி முன் வரிசையில் இருந்தார். தமிழில் பதில் கிடைத்தபோது எப்படி உணர்ந்தீர்கள் என்று அவர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அக்கா மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தாள். ஆனால் குரல் நடுங்கவில்லை.

"லெட்டரு நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஒரு சொல்லும் வெளங்காமப் போவல. எடம் இல்லன்னு எழுதியிருக்கு. அத சிங்களத்துல சொல்லியிருந்தாலும் எனக்கு வெளங்கியிருக்கும். நாங்க எழுதுன பாஷையாலதான் எங்களுக்கு வீடு இல்லாமப் போச்சு. எம் பொண்ணுக்கு மூச்சு முட்டுது. மழ பேஞ்சா நாங்க இன்னும் மண்டபத்துலதான் படுக்குறோம். அத யாரு கேக்குறீங்க?"

மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் குனிந்துகொண்டார்கள். மேடமும் குனிந்துகொண்டார். துரைசானி என்னைப் பார்த்துக் காத்திருந்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கடிதம் நன்றாக எழுதப்பட்டிருந்தது, ஒவ்வொரு சொல்லும் தனக்கு விளங்கியது என்கிறார். வீட்டுப் பிரச்சினை இன்னும் தீரவில்லை, அதற்கும் எல்லோரும் உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். நான் அவ்வளவுதான் சொன்னேன்.

கைதட்டினார்கள். துரைசானி எழுந்து நின்று தட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நல்ல மனம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்ததெல்லாம் நான் கொடுத்த இரண்டு வரிதானே. அவரை நான் எப்படித் திட்டுவது? இருந்தாலும் திட்டுகிறேன். தனக்கு வரும் வார்த்தை எல்லாம் சம்பளம் வாங்குகிறவள் வாய் வழியாகத்தான் வருகிறது என்று இத்தனை நாடு சுற்றிய ஒருவருக்குத் தெரியாமல் இருக்குமா?

திரும்பி வரும்போது வேனில் அக்கா ஜன்னல் பக்கம் இருந்தாள். மதியச் சாப்பாட்டில் கொடுத்த கோழிப் பொரியலைச் சாப்பிடாமல் பிள்ளைகளுக்காகப் பொட்டலம் கட்டி மடியில் வைத்திருந்தாள். வேன் பெல்மதுளையைத் தாண்டியது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நான் சொன்னதத்தான் சொன்னியா?"

"ஆமாக்கா."

"அப்ப ஏன் கை தட்டுனாங்க?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரத்தினபுரியிலிருந்து வீடு வரைக்குமான அந்த ரோட்டில் இப்போதும் பஸ்ஸில் போனால் நான் தூங்குகிறவள் மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வேன்.

அடுத்த திட்டத்தில் எனக்கு இடம் கிடைத்தது. பெயர் வேறு, பேனரின் நிறம் வேறு. இப்போது நான் பெண்கள் தலைமைத்துவம் கற்றுக்கொடுக்கிறேன். புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கும் என்னை அனுப்புகிறார்கள். அங்கேயும் நானாவைப்போல் ஒருவர் செயலகத்துக்கு எதிரே மேசை போட்டிருக்கிறார். முதல் நாளே அவரிடம் போய் உட்கார்ந்து, எந்த மேசையில் எந்தப் பாஷை ஓடும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அறிக்கையில் அவருக்கு, பயிற்சியாளர்களுக்குச் சொல்கிற 'உள்ளூர் வளவாளர்' என்ற பெயரை வைத்தேன். இந்தப் புத்தி எனக்கு அக்காவின் செலவில் வந்தது.

இந்த வருஷம் இரண்டாவது பட்டியலுக்கு அறிவித்தல் வந்தது. ரப்பர் காட்டில் இன்னும் கொஞ்சம் நிலம் விடுகிறார்களாம். கேள்விப்பட்ட அன்றே நான் அறையில் உட்கார்ந்து சிங்களத்தில் மனு எழுதினேன். எனக்குச் சிங்களம் எழுத வரும், ஆனால் கை பழக்கம் இல்லை. நான்கு தரம் கிழித்துப் போட்டு ஐந்தாவது தரம் பிழையில்லாமல் வந்தது. ஒரு பிரதியும் எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் கொழுந்து நிறுத்து முடியும் நேரத்துக்குத் தோட்டத்துக்குப் போனேன்.

அக்கா கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் மனுவை நீட்டினேன். அவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். அவளால் வாசிக்க முடியாது, ஆனாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் போன பொதனே குடுத்துட்டேன். நானாதான் எழுதுனாரு. காப்பில கையெழுத்தும் வாங்கிட்டேன்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். எனக்குச் சீனி அதிகம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், போட்டிருந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கோபமாக இருந்திருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன்.

"எம் மேல ஒனக்குப் பாசம் இருக்கு. அது எனக்குத் தெரியாம இல்ல. நீ நல்லா இரு. ஆனா எனக்குன்னு இனிமே நீ எழுதவும் வேணாம், எனக்காகப் பேசவும் வேணாம்."

தலையாட்டினேன். அழுதால் அவள் சமாதானம் சொல்ல வேண்டிவரும் என்று அடக்கிக்கொண்டேன். சின்னவள் உள்ளே இருமினாள். மேலே மலையில் இருட்டிக்கொண்டு வந்தது, முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. பக்கத்து வீடுகளில் பாய் சுருட்டும் சத்தம் கேட்டது. இன்றைக்கு நானும் உங்களோடு மண்டபத்தில் படுக்கிறேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உண்மையாகவே படுத்திருப்பேன்.

அக்கா எழுந்து என் கைப்பையை எடுத்து என் தோளில் மாட்டினாள்.

"கடைசி பஸ்ஸு இன்னும் போவல. நீ கெளம்பு. ஒனக்குத்தான் படுக்க எடம் இருக்குல்ல."